தூண்டிலுக்கு வழிகாட்டி தேவையா?

திருவரங்கத்தில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் நண்பரின் மகன் பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறான். சென்ற மாதம் விடுப்பில் வந்திருந்தபோது நீளமான துணிப்பை ஒன்றோடு என்னைப் பார்க்க வந்தான். பைக்குள் நான்கு துண்டுகளாகக் கழற்றி வைத்த ஒன்பதடித் தூண்டில் கழி.

“மாமா, ஃப்ளை ஃபிஷிங் கத்துக்கலாம்னு இருக்கேன். ரெண்டு நாளைக்கு ஒரு கைடு வெச்சுக்கோன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அவங்க கேக்கற பணம் கழி வாங்கின விலையைவிட ஜாஸ்தி. கைடு வெச்சா நிஜமாவே கத்துக்க முடியுமா, இல்லை மீன் மட்டும்தான் கிடைக்குமா?”

பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்து அனுமதி வாங்கியிருப்பதையும் சொன்னான்.

அவனுடைய கேள்வியின் பிற்பாதி எனக்குப் பிடித்திருந்தது. மீன் கிடைப்பது வேறு, மீன் பிடிக்கக் கற்பது வேறு என்பதைக் கழி நீரில் நனைவதற்கு முன்பே அவன் உணர்ந்திருக்கிறான். எனக்கு அது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அவன் ஊர் திரும்பியபின் யோசித்ததைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். தூண்டிலைத் தொட்டறியாத நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இது அடிப்படையில் கற்றலைப் பற்றிய கேள்வி என்பதால் அவர்களுக்கும் இதில் ஏதேனும் இருக்கக்கூடும்.

நம் ஊர்த் தூண்டிலை எல்லோரும் அறிவோம். மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகின் நடுத்தண்டில் செய்த தக்கை, சிறு ஈயக்குண்டு, முள், முள்ளில் மண்புழு. ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுக்கவேண்டும். ஃப்ளை ஃபிஷிங் என்பதை இங்கே ஈத்தூண்டில் என்று எழுதுகிறேன். அதில் புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. கோழியிறகையும் விலங்கு முடியையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப்பூச்சிதான் இரை. நாம் தண்டை எடுத்துக்கொண்டு எறிந்துவிடும் மயிலிறகின் பச்சை இழையை அவர்கள் பூச்சியின் உடலாகச் சுற்றுகிறார்கள். அந்தப் பூச்சிக்குச் சொல்லத்தக்க எடை கிடையாது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்திருக்கிறார்கள். நாம் எறிவது கயிற்றை. பூச்சி அதன் நுனியைத் தொற்றிக்கொண்டு போகிறது. கழியைப் பின்னால் வீசி, கயிறு முதுகுப்பக்கம் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். அந்தப் பொறுமை அரைக்கணம் குறைந்தால் கயிறு சாட்டையாகச் சொடுக்கிப் பூச்சி அறுந்துபோகும். அரைக்கணம் கூடினால் கயிறு பின்னால் தரையில் விழும். எல்லாம் சரியாக அமைந்து பூச்சி நீரில் இறங்கியபின் அது நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். கயிறு அதைச் சற்றே இழுத்தாலும் மீன் ஐயங்கொள்ளும்.

ஆக, கற்கவேண்டியவை மூன்று. கையின் பழக்கம் ஒன்று. நீரைப் படிப்பது இரண்டாவது. அந்த நீரில் அந்த வேளையில் மீன் எதைத் தின்கிறது என்பது மூன்றாவது. வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்கு இந்த மூன்றுக்கும் ஒரே விடை இல்லை. வாதங்கள் குழம்புவது இங்கேதான்.

கைப்பழக்கத்துக்குப் பணம் கொடுத்து ஆள் வைக்கவேண்டியதில்லை என்பது என் கட்சி. காவிரி முக்கொம்பில் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடித் திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. வெள்ளக்காலத்து மிகைநீர் போகும் வழியாதலால் கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளிதான். நான் கயிறு வீசப் பழகியது அந்த மணலில். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளிநூல் துணுக்கைக் கயிற்றின் நுனியில் முடிந்துகொண்டு, மாலை வேளைகளில் முப்பதடி தள்ளி வைத்த துண்டைக் குறிபார்த்து வீசுவேன். ஒருமாதம் ஆகியும் கயிறு சுருண்டு காலடியிலேயே விழுந்தது. ஒருநாள் காற்றாட வந்த என் மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டு, “பின்னாடி கயிறு நீளறதுக்குள்ளயே நீங்க முன்னாடி இழுத்துடறீங்க” என்றாள். அவள் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டதில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. கைப்பழக்கத்துக்கு வேண்டியது இன்னொருவரின் கண். அந்தக் கண் நிபுணருடையதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியை மணலில் நட்டுத் தங்களைத் தாங்களே படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நீரும் மீனும் அப்படியல்ல. இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு.

1998இல் நண்பர்களோடு நீலகிரிக்குப் போயிருந்தேன். தென்னிந்தியாவில் ஈத்தூண்டிலுக்குப் பழைய வீடு நீலகிரிதான். டிரௌட் மீனை அங்கே குடியேற்ற 1860களில் ஃபிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. நான் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொண்டேன். நல்ல மனிதர், திறமைசாலி. பூச்சியை அவரே தேர்ந்தெடுத்தார், அவரே முடிந்தார். என்னை ஒரு பாறைமேல் நிறுத்தி, “அந்த நுரை முடியற இடத்துல போடுங்க சார்” என்றார். போட்டேன். நான் தடுமாறியபோது கழியை வாங்கி அவரே வீசி, மீன் பற்றியதும் என் கையில் கொடுத்தார். அன்று மூன்று மீன். படம் எடுத்துக்கொண்டு, திருச்சிக்கு வந்து ஒரு வருடம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு தனியாகப் போனேன். அதே ஓடை, அதே பாறை, அதே நுரை. இரண்டு நாள் முழுதும் ஒரு மீன்கூடப் பூச்சியைத் தீண்டவில்லை. மழை சற்றுக் கூடுதலாகப் பெய்திருந்ததால் நீரின் அளவு மாறியிருந்தது. முந்தைய ஆண்டு மீன் அந்த நுரையின் ஓரத்தில் ஏன் நின்றது என்று நான் அவரைக் கேட்டிருக்கவில்லை, அவரும் சொல்லியிருக்கவில்லை. வேகமான நீரும் மந்தமான நீரும் சேரும் விளிம்பில் மீன் அதிகம் உழைக்காமல் நின்றுகொண்டு, வேகநீர் கொண்டுவரும் இரையை எட்டிப் பறிக்கிறது. நுரை அந்த விளிம்பின் அடையாளம் மட்டுமே. நீர் கூடினால் விளிம்பு இடம் மாறும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாறையின் அடையாளம்தான்.

தவறு அவருடையது அல்ல. நான் அவரிடம் வாங்கியது மூன்று மீன். அதை அவர் நேர்மையாகக் கொடுத்துவிட்டார். கற்பித்தலை நான் கேட்கவே இல்லை.

தொழிலின் உள்முரண் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 1897இல் வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தபோது முதல் உரிமத்தைப் பெற்றவர் கொர்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணி. ஈத்தூண்டிலில் அவருக்கிருந்த தேர்ச்சியால் அவருக்கு ‘ஃப்ளை ராட்’ என்றே பட்டப்பெயர். வழிகாட்டுதல் இவ்வாறு முறையான பிழைப்பானபோது, வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்ற நிர்ப்பந்தமும் கூடவே வந்தது. வந்தவர் கற்றுக்கொண்டாரா என்பதை அன்று மாலையே அளக்க முடியாது. மீனை அளந்துவிடலாம். எது அளக்கப்படுகிறதோ அதையே எந்தத் தொழிலாளியும் கொடுப்பான்.

இத்தனைக்கும் இந்தக் கலையின் மூலநூல்களே ஆசிரிய–மாணவ உரையாடல்கள்தாம். ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ 1653இல் வந்தது. தூண்டிற்காரன் ஒருவன் வேட்டைக்காரன் ஒருவனுக்கு மீன்பிடிக் கலையைச் சொல்லிக்கொண்டே நடப்பதுதான் அதன் அமைப்பு. 1676ஆம் ஆண்டுப் பதிப்பில், வால்டனின் நண்பர் சார்லஸ் காட்டன் ஈத்தூண்டிலைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். (முக்கொம்பு மேலணையை 1836–38இல் கட்டிய ஆர்தர் காட்டன் வேறு.) அதுவும் உரையாடலே. டவ் ஆற்றங்கரையில் வாழும் உள்ளூர்க்காரர் ஒருவர் வழிப்போக்கனுக்குக் கற்பிக்கிறார். ஈத்தூண்டிலைப் பற்றிய செவ்வியல் நூலே ஒரு வழிகாட்டியின் குரலில்தான் பேசுகிறது. ஆகவே ‘புத்தகம் போதும், ஆள் வேண்டாம்’ என்போர் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஓர் ஆள் நிற்பதைக் கவனிக்கவேண்டும்.

நம் பக்கத்தில் இந்த ஆளின் குரல் எழுத்தில் ஏறவே இல்லை. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’வை வெளியிட்டார். அத்தகைய நூல்களில் உள்ளூர் மனிதர் பரிசல் தள்ளுபவராகவும் சுமை தூக்குபவராகவும் வருவார். எந்த மடுவில் மீன் நிற்கும் என்று துரைக்குச் சொன்னவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருந்திருப்பார். ஆனால் நூலுக்கு அவர் ஆசிரியர் ஆகவில்லை.

அவரது அறிவு எத்தகையது என்பதற்கு நம் காவிரியிலேயே சான்று உண்டு. மேட்டூரையும் ஒகேனக்கல்லையும் தாண்டி, கர்நாடகத்துப் பகுதியில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்கலி என்று மூன்று தூண்டில் முகாம்கள் இருந்தன. 1970களின் இறுதியில் மூன்று ஆங்கிலேயர் வந்து, காவிரியில் பெருத்த மாசீர் மீன்கள் இன்னும் இருக்கின்றன என்பதை உலகுக்குத் தெரிவித்தபின் உலகெங்கிலுமிருந்து தூண்டிற்காரர்கள் அங்கே வந்தார்கள். அங்கே பெரும்பாலும் ஈத்தூண்டில் அல்ல, வேகவைத்த கேழ்வரகு உருண்டைதான் இரை. பிடித்த மீனை எடைபோட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவது முகாம்களின் விதி. வழிகாட்டிகளில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். வெடி வைத்தும் வலை போட்டும் ஆற்றை அறிந்தவர்கள், அதே அறிவைக் கொண்டு அதே ஆற்றைக் காப்பவர்களாக மாறினார்கள். வழிகாட்டித் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

2010களின் தொடக்கத்தில், சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்ற சட்ட நிலைப்பாட்டால் அங்கே மீன்பிடித்தல் நின்றது. அதன்பின் ஒன்று நடந்தது. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். காவிரிக்கே உரிய கூனல்முதுகு மாசீர் வேகமாகக் குறைந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகியதை 2015இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கூனல்முதுகு மாசீருக்கு அறிவியற்பெயர்கூட 2018இல்தான் உறுதியாயிற்று: டோர் ரெமாதேவியி. அதே ஆண்டு அது அற்றுப்போகும் விளிம்பிலுள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1946இல் கபினியில் வான் இங்கன் 120 பவுண்டு மாசீரைப் பிடித்ததைப் பெருமையாக எழுதிய நாம், அந்த மீனுக்குச் சரியான பெயரையே அறியாமல் இருந்திருக்கிறோம். ஆற்றங்கரையில் அன்றாடம் நின்ற மனிதர்களும் அவர்கள் அழைத்துவந்தவர்களும் வைத்த கணக்கு இல்லையென்றால் அந்த வீழ்ச்சி நம் கண்ணில் பட்டிருக்காது. வழிகாட்டி இல்லாத ஆற்றில், போனது என்ன என்று சொல்லவும் ஆள் இல்லை.

திருச்சிக்குத் திரும்புவோம். இங்கே ஈத்தூண்டிலுக்கு வழிகாட்டி என்று பலகை மாட்டியவர் யாரையும் நான் கண்டதில்லை. டிரௌட்டும் இல்லை. ஆனால் ஜிலேபி இருக்கிறது, கெண்டை இருக்கிறது, தேங்கிய நீரில் விரால் இருக்கிறது. மூன்றுமே போலிப்பூச்சியை எடுக்கும். நீலகிரித் தோல்விக்குச் சில ஆண்டுகள் கழித்து, கொள்ளிடக்கரையில் மூங்கில் கழியோடு தினமும் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், ஒரு காலைப்பொழுது என்னோடு வரமுடியுமா, அன்றைய கூலியைக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். என் பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இது திங்கிற சாமானே இல்லையே, மீனுக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சிட்டீங்களா?” என்றார்.

அவருக்கு ஈத்தூண்டில் தெரியாது. வீசுவதைப் பற்றி அவர் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கழியை என் கையிலிருந்து வாங்கவும் இல்லை. நீரைப் பற்றி மட்டுமே பேசினார். மேலே தண்ணீர் திறந்துவிட்ட முதல்நாள் மீன் எங்கே ஒதுங்கும், மூன்றாம்நாள் எங்கே வரும், வெயில் ஏறினால் எந்த நாணற்புதரின் நிழலுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டேன். சிலவற்றுக்குக் காரணம் சொன்னார், சிலவற்றுக்கு “அது அப்பிடித்தான்” என்றார். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கெங்கே நீருக்கடியில் மறைந்திருக்கின்றன, முதலை எந்தத் திட்டில் வெயில் காயும் என்பதையும் காட்டினார். அந்தப் பள்ளங்களில் மூழ்கியோர் செய்தியை நம் ஊர்ப் பதிப்பில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்தத் தகவலுக்காக மட்டுமே அவருக்குக் கொடுத்த கூலி தகும். அன்று எனக்கு விரலளவுக் கெண்டை ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் மறுநாள் தனியாகப் போய் ஏழு ஜிலேபி பிடித்தேன்.

இவ்வகை அறிவு நூலில் நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்தன. அதே மாதம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்களும் சரிந்தன. ஒரே மாதத்தில் மடுவும் மேடும் இடம் மாறின. எந்த நூலும் எந்தக் காணொளியும் அதைத் திருத்திக்கொள்வதில்லை. தினமும் கரையில் உட்கார்பவர் திருத்திக்கொள்கிறார்.

வழிகாட்டியை வைத்தால் அவரையே சார்ந்திருப்போம் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், அதற்கு நானே உதாரணம். ஆனால் அந்தச் சார்பு வழிகாட்டி இருந்ததால் வந்ததல்ல. அவர் போனபின் நான் தனியே செய்யவேண்டிய பாதியைச் செய்யாததால் வந்தது. திருவரங்கத்துக்காரனாகிய எனக்கு இதைச் சொல்ல இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரிவுரை சொன்னபோது, வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார் என்றும், அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி என்றும் குருபரம்பரை கூறும். கேட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். இரவில் விளக்கேற்றி உட்கார்ந்தவரிடம்தான் அது தங்கியது. உரையில்லாமல் மூலத்துக்குள் நுழைய நம்மில் பலரால் முடியாது. உரையை மூடிவைத்துவிட்டு மூலத்தோடு தனியே இருக்காதவருக்கும் மூலம் கிட்டுவதில்லை. ஆறும் அப்படித்தான்.

ஆகவே நண்பர் மகனுக்கு என் பதில் இது. வழிகாட்டியை அமர்த்திக்கொள், ஆனால் முதல்நாளிலேயே அல்ல. முதலில் மணலில் ஒருமாதம் கயிறு வீசப் பழகு. வீசத் தெரியாமல் போனால் உன் பணத்தில் பாதி, சிக்கிய கயிற்றை அவர் பிரிப்பதிலேயே போய்விடும். பிறகு இரண்டு நாளுக்குப் பதில் ஒருநாள் அமர்த்து; இரண்டாம் நாளை அதே நீரில் தனியாக இருப்பதற்கு வைத்துக்கொள். கிளம்பும்போதே அவரிடம், ‘எனக்கு மீன் வேண்டாம், ஏன் என்பதைச் சொல்லுங்கள், கழியை என் கையிலிருந்து வாங்காதீர்கள்’ என்று சொல்லிவிடு. அவருக்கு அது பெரிய விடுதலையாக இருக்கும். அன்றிரவே அவர் சொன்னதை எழுதிவை. மீன் கிடைக்காவிட்டாலும் பேசிய கூலியைக் குறைக்காதே. நீ கூலி கொடுப்பது அவர் அந்தக் கரையில் உட்கார்ந்த ஆண்டுகளுக்கு.

பெரியவர் இப்போது இல்லை. அவர் காட்டிய நாணற்புதர்களில் பாதியும் இல்லை. அவர் சொன்னவற்றில் நான் எழுதிவைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. எழுதாமல் விட்டது எவ்வளவு என்று கணக்கிட வழியில்லை. சென்ற வாரம் அந்த நோட்டை நகலெடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பினேன். அடுத்த விடுப்பில் கழியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டில் உள்ளதில் எவ்வளவு இன்னும் செல்லும் என்பதை இருவரும் கொள்ளிடத்தில் போய்த்தான் பார்க்கவேண்டும்.

உங்கள் ஊர் ஆற்றிலோ ஏரியிலோ இப்படி யாரேனும் கரையில் உட்கார்ந்திருந்தால், ஒருநாள் கூலி கொடுத்துப் பேசவிட்டுக் கேட்டு எழுதிவையுங்கள். மாற்றுக்கருத்து உள்ளவர்களும் எழுதலாம். என் கட்சியில் நான் ஒருவன் மட்டுமே இருந்தாலும் வருத்தமில்லை.